ஹாம் பட்டையில் லோரா: 434 மெகாஹெர்ட்ஸில் செய்யத் தக்கவையும் தகாதவையும்

ஈரோட்டில் வசிக்கும் புதிய ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமதாரர் ஒருவர் 433 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட லோரா பலகைகள் இரண்டை, அதாவது குறைந்த திறனில் சிறு செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பும் வானொலிச் சிப் கொண்ட சுற்றுப்பலகைகளை, வாங்கியிருக்கிறார். ஐரோப்பிய ஹாம்கள் செய்வதுபோல 433.775 மெகாஹெர்ட்ஸில் ஏபிஆர்எஸ் என்ற ஹாம் முறையில் இருப்பிடத் தகவலை அனுப்பலாமா, ஒரு பலகையின் செய்தியை மற்றப் பலகைகள் கைமாற்றிக் கடத்தும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளை ஏற்றிப் பயன்படுத்தலாமா, எவ்வளவு தூரம் எட்டும், 1 வாட் பெருக்கி சேர்த்தால் தூரம் கூடுமா என்பவை அவருடைய கேள்விகள். சுருக்கமாகச் சொன்னால், லோராவை ஹாம் பட்டையில் நன்றாகவே பயன்படுத்தலாம், ஆனால் 433.775 இந்திய ஹாமுக்கு உரிய இடம் அல்ல, மெஷ்டாஸ்டிக்கை வாங்கிய நிலையிலேயே இயக்கக் கூடாது, பெருக்கியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஆன்டெனாவின் உயரத்தையும் காற்றில் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் பற்றி யோசிக்க வேண்டும். இவற்றுக்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் பிறர் அமைப்பைப் பிரதி எடுப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கிறது.

முதலில், லோரா காற்றில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் கிரனோபிள் நகரைச் சேர்ந்த சிக்லியோ என்ற சிறு நிறுவனம் இந்த முறையை உருவாக்கியது. 2012இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் அதை வாங்கியது. சாதாரண இலக்க முறைகளில் ஒரு பிட்டுக்கு ஓர் அதிர்வெண், இன்னொரு பிட்டுக்கு வேறோர் அதிர்வெண் என்று தாவுவார்கள். லோராவில் ஒவ்வொரு குறியீடும் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சீராக ஏறிச்செல்லும் ஓர் அலை. அது எந்த இடத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. விலை குறைந்த எஸ்டிஆர் (மென்பொருள்வழி வானொலி) ரிசீவரைக் கணினியில் செருகி அலைப்பரவல் திரையைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: தொடக்கத்தில் ஒரே சாய்வில் வரிசையாகச் சில கோடுகள், பின்பு எதிர்ச்சாய்வில் இரண்டு கோடுகள், அதன் பிறகு நடுவில் ஒடிந்து மீண்டும் கீழிருந்து தொடங்கும் கோடுகள். அந்த ஒடிவுகள்தான் தரவு. ரிசீவர் தன்னிடம் உள்ள எதிர்ச்சாய்வு அலையை இதனுடன் பெருக்கும்போது சாய்வு முழுவதும் நேராகி ஒற்றை அதிர்வெண்ணாகக் குவிகிறது; பட்டை முழுவதும் பரவியிருந்த ஆற்றல் ஒரே புள்ளியில் திரள்வதால், இரைச்சலுக்கு அடியில் கிடந்த சமிக்ஞையும் மேலே எழுந்து தெரிகிறது.

எஸ்எஃப் என்று சுருக்கி எழுதப்படும் பரவல் காரணி இங்கே மையமான எண். எஸ்எஃப் 7 என்றால் 128 தொடக்க இடங்கள், ஒரு குறியீட்டுக்கு 7 பிட். எஸ்எஃப் 12 என்றால் 4096 இடங்கள், 12 பிட். ஆனால் ஒரு குறியீடு எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த இடங்களின் எண்ணிக்கையைப் பட்டை அகலத்தால் வகுத்த அளவு. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஸ்எஃப் 7 குறியீடு ஏறத்தாழ 1 மில்லிவினாடியில் முடிகிறது. எஸ்எஃப் 12 குறியீட்டுக்கு 32.8 மில்லிவினாடி ஆகிறது. நான்கு பிட்டுக்கு ஒரு சரிபார்ப்புப் பிட் சேர்க்கும் 4/5 பிழைதிருத்தத்தையும் கணக்கில் கொண்டால் முன்னதன் வேகம் வினாடிக்கு சுமார் 5,470 பிட், பின்னதன் வேகம் 293 பிட். இந்த வேகத்தைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்றால், இரைச்சலைவிட 7.5 டெசிபல் கீழே இருக்கும் சமிக்ஞையைப் படித்த ரிசீவர் 20 டெசிபல் கீழே இருப்பதையும் படிக்கும் திறனை வாங்குகிறோம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதை ஹாம்கள் நன்கு அறிந்த, பலவீனமான சமிக்ஞைக்கான எஃப்டி8 என்ற இலக்க முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எஃப்டி8 தன் 77 பிட் செய்தியை 12.64 வினாடியில் அனுப்புகிறது. 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால் இரைச்சலுக்கு சுமார் 21 டெசிபல் கீழேவரை படிக்கிறது. எஸ்எஃப் 12 லோராவின் 20 டெசிபல் என்பது 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தின் இரைச்சலோடு ஒப்பிட்ட கணக்கு. அதையே 2,500 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வெறும் 3 டெசிபல் கீழே என்று வருகிறது. அப்படியானால் எஃப்டி8 மிக மேலானதா என்றால், அதன் வேகம் வினாடிக்கு 6 பிட்தான். ஒரு பிட்டுக்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்று இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டெசிபல் அளவு வேறுபாட்டில் இரண்டும் ஏறத்தாழ சமமாக நிற்கின்றன. தூரம் வேண்டுமானால் மெதுவாகப் பேச வேண்டும் என்ற பழைய விதியைத்தான் இரண்டும் தத்தம் வழியில் கடைப்பிடிக்கின்றன. லோராவின் உண்மையான சிறப்பு வேறு: கணினியோ துல்லியமான கடிகாரமோ இல்லாமல், ஒரு சிறு சிப்பும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் மட்டும் இந்த வேலையைச் செய்துவிடுகின்றன, மின்கலத்தில் பல நாள் ஓடுகின்றன.

பழைய 1200 பாட் பாக்கெட் முறையோடு ஒப்பிட்டால் லாபம் கண்கூடு. பாப் புரூனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ் முறை பல ஆண்டுகளாக எஃப்எம் வாக்கி-டாக்கியின் ஒலி வழியாக இரண்டு தொனிகளை அனுப்பி இயங்குகிறது. எஃப்எம் ரிசீவருக்கு இரைச்சலைவிட நன்கு மேலே நிற்கும் சமிக்ஞை வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒரு பிட்டும் தேறாது. அதனால்தான் அந்த முறையில் 5 வாட், 25 வாட் என்று செலவிட வேண்டியிருக்கிறது. அதே இருப்பிடத் தகவலை லோரா 100 மில்லிவாட்டில் சுமந்து செல்வது நம்பத் தகாத ஒன்றல்ல.

இனி அலைவரிசைக்கு வருவோம். ஐரோப்பாவில் 70 சென்டிமீட்டர் ஹாம் பட்டை 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது, ஆகவே 433.775 அங்கே ஹாம் பட்டைக்குள் வசதியாக அமர்கிறது. இந்தியாவில் நமக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 434 முதல் 438 வரை மட்டுமே, அதுவும் இரண்டாம் நிலை உரிமையோடு, அதாவது முதன்மைப் பயனருக்கு இடையூறு செய்யாமல். எனவே ஐரோப்பிய அமைப்பை அப்படியே பலகையில் ஏற்றினால் உங்கள் உரிமத்துக்கு வெளியே அலைபரப்புகிறீர்கள். 433 முதல் 434 வரையிலான பகுதியில் 10 மில்லிவாட் அளவிலான குறுந்தொலைவுக் கருவிகளுக்கு உரிம விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்குக்கும் ஹாம் உரிமத்துக்கும் தொடர்பில்லை, கூரைமேல் ஆன்டெனா கட்டி 100 மில்லிவாட்டில் ஓடும் லோரா நிலையம் அதற்குள் அடங்காது. பலகையில் 433 என்று அச்சிட்டிருப்பது அதன் வடிகட்டியும் இணைப்புச் சுற்றும் எந்தப் பகுதிக்காகச் சரிசெய்யப்பட்டவை என்பதைத்தான் சொல்கிறது. எஸ்எக்ஸ்1278, எஸ்எக்ஸ்1268 போன்ற சிப்புகள் மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினாலே 434.5இல் அதே திறனோடு இயங்கும்.

434க்குள் எங்கே நிற்பது என்பதும் யோசித்து முடிவு செய்ய வேண்டியது. 435 முதல் 438 வரை உலக அளவில் செயற்கைக்கோள் ஹாம்களின் இடம். அங்கே தரையிலிருந்து இடைவிடாமல் துடிக்கும் பீக்கன் வைப்பது, பலவீனமான விண்வெளிச் சமிக்ஞைக்காகக் காத்திருப்பவரின் காதில் இரைவதாகும். மிஞ்சியிருக்கும் 1 மெகாஹெர்ட்ஸில் உங்கள் வட்டார ரிப்பீட்டரின் (மறுபரப்பு நிலையத்தின்) உள்ளீடும் வெளியீடும் எங்கே என்று முதலில் கேட்டறியுங்கள். லோராவின் 125 கிலோஹெர்ட்ஸ் என்பது மைய அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 62.5 கிலோஹெர்ட்ஸ் பரவுகிறது என்பதை மறந்து 434.000இல் மையத்தை வைப்பவர்கள், பாதி அலையைப் பட்டைக்கு வெளியே தள்ளுகிறார்கள். இதோடு, உங்கள் உரிமத்தில் இந்தப் பட்டைக்கு எதிரே குறிப்பிட்டுள்ள அலைபரப்பு வகைகளையும் படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் டெல்லியில் உள்ள வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவிலிருந்து வரும் அறிவுரைகளையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். அங்கே உரிமம் தேவையற்ற 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் ஹாம்களின் 33 சென்டிமீட்டர் பட்டையும் ஒன்றே. அதே பலகையை ஒரு நாள் உரிமமற்ற கருவியாகவும் மறுநாள் ஹாம் நிலையமாகவும் இயக்கலாம், பரவல் நிறமாலை முறைக்கு 10 வாட் வரை அங்கே விதி இடம் தருகிறது. இந்தியாவில் உரிமம் தேவையற்ற லோரா இயங்குவது 865 மெகாஹெர்ட்ஸ் தொடங்கும் பட்டையில். அது ஹாம் பட்டையே அல்ல. அங்கே உங்கள் அழைப்புக்குறிக்கு, அதாவது உரிமத்தோடு கிடைத்த நிலைய அடையாளத்துக்கு, எந்தச் சலுகையும் கிடையாது, 1 வாட் அனுப்பு திறன், 4 வாட் கதிர்வீச்சு என்ற வரம்பு எல்லோரையும் போல உங்களையும் கட்டுப்படுத்தும்.

உரிமமற்ற பட்டை, ஹாம் பட்டை என்ற இரண்டு உலகங்களுக்கும் நடுவே உள்ள பெரிய வேலி மறைகுறியாக்கம். பன்னாட்டு வானொலி விதிகளின் 25ஆம் பிரிவு, வெவ்வேறு நாட்டு ஹாம் நிலையங்களுக்கிடையே பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியிட்ட அலைபரப்பைத் தடைசெய்கிறது; விண்கலத்தைக் கட்டுப்படுத்தும் கட்டளைகளுக்கு மட்டுமே விலக்கு. தனித்தனி நாடுகளின் விதிகளும் இதையே உள்நாட்டுக்கும் நீட்டுகின்றன. லோராவேன் எனப்படும் வணிக வலையமைப்பு தன் இயல்பிலேயே ஏஇஎஸ் மறைகுறியாக்கத்தோடு பிறந்தது, ஆகவே அதை ஹாம் பட்டைக்குக் கொண்டுவர வேண்டாம். மெஷ்டாஸ்டிக்கிலும் மறைகுறியாக்கம் இயல்புநிலையில் இயங்குகிறது. அதில் உரிமம் பெற்ற பயனர் என்ற அமைப்பை இயக்கினால் மறைப்பு நீங்கி, நிலையத்தின் பெயர் உங்கள் அழைப்புக்குறியாக மாறுகிறது. ஹாம் பட்டையில் இயக்க இது கட்டாயம். பிராந்தியத் தேர்வில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: இந்தியா என்று தேர்ந்தால் மென்பொருள் 865க்குப் போகும், 433 ஐரோப்பா என்று தேர்ந்தால் 434க்குக் கீழே நிற்கும். இரண்டுமே உங்களுக்குப் பொருந்தாது; அதிர்வெண்ணைக் கையால் குறிப்பிடும் அமைப்பில் 434க்கு மேல் நீங்களே எழுதிச் சரிபார்க்க வேண்டும்.

மறைக்கக் கூடாது என்றால் தொலைவில் உள்ள மோட்டாரையோ ரிலேயையோ யாரும் இயக்கிவிடுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பொருளை மறைப்பது வேறு, அனுப்பியவர் யார் என்பதை மெய்ப்பிப்பது வேறு. கட்டளையை எல்லோரும் படிக்கும்படி அனுப்பி, அதோடு ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண்ணையும் ரகசியச் சாவியால் கணக்கிட்ட ஒரு சிறு கையொப்பத்தையும் சேர்த்தால், கேட்பவர் அனைவருக்கும் பொருள் தெரியும், போலியாக அனுப்ப மட்டும் இயலாது. திறந்த பட்டையின் நெறிக்கு இதுவே பொருந்திய வழி. உரிமம் இல்லாத நண்பர்கள் 865இல் அனுப்பும் செய்திகளை உங்கள் நிலையம் வழியாக 434க்குத் தானாகக் கடத்தும் பாலத்தை மட்டும் எந்த நிலையிலும் கட்டாதீர்கள். அந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் உங்கள் அழைப்புக்குறியின் பெயரால் போகும்.

அடுத்தது காற்று நேரம். நல்ல எண்ணத்தோடு தொடங்கும் பல வலையமைப்புகள் நெரிசலில் சிக்குவது இங்கேதான் என்பதால் சற்று நின்று கணக்கிடுவோம். அழைப்புக்குறி, இருப்பிடம், சிறு குறிப்பு எல்லாம் சேர்ந்து 60 பைட் கொண்ட ஓர் ஏபிஆர்எஸ் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஃப் 12, 125 கிலோஹெர்ட்ஸ், 4/5 என்ற ஐரோப்பிய வழக்கத்தில் அது காற்றில் 2.6 வினாடி நிற்கிறது. எஸ்எஃப் 9இல் 0.37 வினாடி; எஸ்எஃப் 7இல் 0.11 வினாடி. ஒருவர் பேசுவதை மற்றவர் கவனிக்காமல் அவரவர் விருப்பப்படி அனுப்பும் வலையில், மொத்த நேரத்தில் 18 விழுக்காடுக்கு மேல் பயனுள்ள செய்தி போகாது என்பது அலோகா முறைக்கு உரிய நன்கு அறியப்பட்ட வரம்பு. அதன்படி எஸ்எஃப் 12இல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 250 செய்திகள்தான் தேறும். ஒவ்வொருவரும் 3 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் 12 அல்லது 13 நிலையங்களோடு அந்த அலைவரிசை நிரம்பிவிடும். அதே ஒழுங்கில் எஸ்எஃப் 9 என்றால் 90 நிலையங்கள்வரை இடம் உண்டு. ஒரு கோயம்புத்தூர், ஒரு சென்னை அளவிலான ஊரில் இந்த வேறுபாடு வலையமைப்பு வாழுமா நெரிபடுமா என்பதையே தீர்மானிக்கும்.

மெஷ் வலையில் இது இன்னும் கூர்மையாகிறது. மெஷ்டாஸ்டிக்கின் இயல்பு அமைப்பு எஸ்எஃப் 11, 250 கிலோஹெர்ட்ஸ். வேகம் வினாடிக்குச் சுமார் 1,070 பிட். அதில் ஒரு செய்தியைக் கேட்ட நிலையங்கள் அதை மீண்டும் அனுப்புகின்றன, இயல்பாக மூன்று தாவல்வரை. யாரும் எதுவும் தட்டச்சு செய்யாத நேரத்திலும் இருப்பிடம், மின்கல அளவு, நிலையப் பெயர் என்று தானாகப் போகும் தகவல்கள் ஒவ்வொரு தாவலிலும் பெருகுகின்றன. ஆகவே கூரைமேல் நிலையாக நிற்கும் நிலையம் தன் இருப்பிடத்தை ஒரு நாளைக்கு ஓரிரு முறை சொன்னால் போதும், அது நகரப்போவதில்லை. தாவல் எண்ணிக்கையை ஏழுவரை உயர்த்தும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. நல்ல உயரத்தில் ஒரே ஒரு நிலையம் இருந்தால் தெருவிலுள்ள பத்து நிலையங்களின் தாவல் தேவையற்றுப் போகும்.

காற்று நேரத்தோடு சேர்ந்த இன்னொரு கேள்வி பட்டை அகலம். இங்கேதான் ஹாம் உரிமதாரருக்கு வணிக லோராவில் இல்லாத சுதந்திரம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. எஸ்எக்ஸ்1278 சிப் 125 கிலோஹெர்ட்ஸில் மட்டுமல்ல, 62.5, 31.25, 20.8, 15.6 என்று குறுகிய அகலங்களிலும் இயங்கும். எஸ்எஃப் 12, 125 கிலோஹெர்ட்ஸ் அமைப்பின் வேகம் 293 பிட், உணர்திறன் ஏறத்தாழ மைனஸ் 137 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு; கீழே போகப்போக உணர்திறன் மிகுதி). எஸ்எஃப் 8, 15.6 கிலோஹெர்ட்ஸ் அமைப்பின் வேகம் 390 பிட், உணர்திறன் மைனஸ் 136 டிபிஎம். அதாவது எட்டில் ஒரு பங்கு அகலத்தில், கிட்டத்தட்ட அதே தூரத்துக்கு, சற்று கூடுதல் வேகத்தில் அனுப்பலாம். நமக்கு வசதியாகக் கிடைப்பது 434 முதல் 435 வரையிலான 1 மெகாஹெர்ட்ஸ் மட்டும் என்ற நிலையில், ஒருவர் நிற்கும் இடத்தில் எட்டுப் பேர் நிற்கலாம் என்பது சிறிய விஷயம் அல்ல. 2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே கொண்ட 144 முதல் 146 வரையிலான பட்டையில் லோராவைச் சோதிக்க விரும்புவோருக்கு இதைத் தவிர மரியாதையான வழியே கிடையாது.

அப்படியிருந்தும் எல்லோரும் 125இல் நிற்பதற்குக் காரணம், அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகம். அனுப்புபவரின் அதிர்வெண்ணும் பெறுபவரின் அதிர்வெண்ணும் பட்டை அகலத்தில் சுமார் கால் பங்குக்கு மேல் விலகினால் லோரா பூட்டிக்கொள்ளாது. 15.6 கிலோஹெர்ட்ஸுக்கு அந்த இடைவெளி 3.9 கிலோஹெர்ட்ஸ். மலிவான பலகையில் உள்ள சாதாரணப் படிகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு, பிசகலாம். 434 மெகாஹெர்ட்ஸில் அது 4.3 கிலோஹெர்ட்ஸ், இரு பக்கமும் எதிரெதிராகப் பிசகினால் 8.7. மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கும்போது ஒழுங்காகப் பேசிய இரண்டு பலகைகள், ஒன்று மொட்டைமாடிப் பெட்டியில் சித்திரை வெயிலில் வேகும்போது ஊமையாகிவிடுவது இதனால்தான். வெப்பநிலை ஈடுசெய்த ஊசலி, அதாவது டிசிஎக்ஸ்ஓ உள்ள பலகைகளைத் தேடி வாங்குங்கள். 2 பிபிஎம் துல்லியம் இருந்தால் இரு பக்கப் பிசகும் சேர்ந்தே 1.8 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். விலையில் உள்ள சிறு வேறுபாட்டுக்கு இதைவிடப் பெரிய பயன் வேறு எந்த உறுப்பிலும் கிடைக்காது.

இப்போது தூரம். 434 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் பார்வைக் கோட்டில் செல்லும். அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில், ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கிய அளவு. 12 மீட்டர் உயரக் கூரைக்கு 14 கிலோமீட்டர். இரு பக்கமும் அதே உயரம் என்றால் தடையில்லாத சமவெளியில் 28 கிலோமீட்டர். வீடுகளும் தென்னந்தோப்புகளும் இதை நன்றாகவே குறைக்கும். ஆனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு இதே கணக்கில் 211 கிலோமீட்டர் அடிவானம் விரிகிறது. ஈரோடு அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் திறந்த வெளி இழப்பு 125 டெசிபல். 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் அனுப்பினால், ஆன்டெனாக்களில் எந்தப் பெருக்கமும் இல்லாமலே மைனஸ் 105 டிபிஎம் வந்து சேரும். எஸ்எஃப் 12 அல்ல, எஸ்எஃப் 7 கேட்கும் அளவே மைனஸ் 124 தான். ஆக, பார்வைக் கோடு கிடைத்துவிட்டால் மிக வேகமான அமைப்பிலேயே 19 டெசிபல் உபரி இருக்கிறது. பார்வைக் கோடு இல்லாவிட்டால் எஸ்எஃப் 12ம் பெருக்கியும் சேர்ந்தும் ஒரு மலைமுகட்டைத் தாண்டித் தரப்போவது சொற்பம்.

லோரா சாதனைகள் என்று படிக்கும் எண்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2017இல் 25 மில்லிவாட் மட்டும் கொண்ட ஒரு கருவியின் செய்தி 702 கிலோமீட்டர் தொலைவில் கேட்கப்பட்டது. அந்தக் கருவி பலூனில் 38 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. அந்த உயரத்துக்கு அடிவானமே 800 கிலோமீட்டர். சாதனை சிப்பினுடையது என்பதைவிடப் பலூனுடையது என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே பெருக்கிக்கான பணத்தை முதலில் ஆன்டெனாவில் போடுங்கள். பலகையோடு வரும் சுருள்கம்பி ஆன்டெனா மேசைச் சோதனைக்கு மட்டும். 434.5 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 17.3 சென்டிமீட்டர், கம்பியின் தடிமனுக்காகச் சற்றுக் குறைத்து 16.5 அளவில் வெட்டலாம். பேனலில் பொருத்தும் என்-வகை சாக்கெட் ஒன்றின் நடுமுனையில் இந்தச் செம்புக் கம்பியை நேராக நிறுத்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் சற்றே நீளமான, 18 சென்டிமீட்டர் கம்பிகளைத் திருகி 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். கீழே வளைப்பது அழகுக்காக அன்று. கிடையாக நிற்கும்போது 35 ஓம் அளவில் இருக்கும் மின்மறுப்பு வளைக்க வளைக்க 50 ஓமை நெருங்குகிறது. நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா அளவி கையில் இருந்தால் நடுக்கம்பியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நறுக்கி, அதன் வரைகோட்டில் தெரியும் பள்ளம் 434.5இல் வந்து நிற்கும்வரை சரிசெய்யுங்கள். மேல்முனையைச் சிறு வளையமாக மடக்கிவிட்டால் மாடியில் துணி காயப்போடுபவர் கண்ணுக்கு ஆபத்து இராது. இந்த ஆன்டெனா இல்லாமல், அல்லது எந்த ஆன்டெனாவும் இல்லாமல், அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டாம். வெளியேற வழியின்றித் திரும்பும் திறன் சிப்பின் வெளியீட்டுப் பகுதியைக் கெடுத்துவிடும்.

கேபிளிலும் கவனம் வேண்டும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டருக்கு இந்த அலைவரிசையில் பாதித் திறனுக்கு மேல் விழுங்கிவிடும். அனுப்பும்போது மட்டுமல்ல, பெறும்போதும் அதே இழப்பு. லோராவின் அழகு என்னவென்றால் வானொலிப் பலகையையே கம்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் ஆன்டெனாவின் அடியில் பெட்டிக்குள் வைத்து, கீழிருந்து மின்சாரத்தை மட்டும் அனுப்பலாம், அல்லது ஒரு சிறு சூரியத் தகட்டையே நம்பலாம். டி-பீம் போன்ற பலகைகள் 18650 லித்தியம் மின்கலத்தை முதுகிலேயே தாங்கியிருக்கின்றன. நம் ஊர் கோடையில் மூடிய பெட்டிக்குள் வெப்பம் எளிதாக 45 பாகையைத் தாண்டும்; அந்த வெப்பத்தில் அவ்வகை மின்கலத்துக்கு மின்னேற்றுவது ஆயுளைத் தின்னும், பாதுகாப்பும் குறையும். நிலையான இடத்துக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலமும், வெள்ளைப் பெட்டியும், அதன்மேல் ஒரு நிழல்தட்டும் பொருத்தமானவை. மலையுச்சியிலோ கைபேசிக் கோபுரத்தின் அருகிலோ வைப்பதானால் 434க்கான பட்டை வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். இந்தச் சிறு சிப்புகளின் முன்வாசல் மிக அகலமானது, பக்கத்தில் 900 மெகாஹெர்ட்ஸில் கோபுரம் முழங்கும்போது ஏட்டில் படித்த மைனஸ் 137 காணாமல் போய்விடும்.

விண்வெளிப் பக்கமும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 2019 டிசம்பரில் ஏவப்பட்ட ஃபோசாசாட்-1, 2020 செப்டம்பரில் ஏவப்பட்ட ரஷ்யாவின் நார்பி ஆகிய சிறு செயற்கைக்கோள்கள் 436 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் லோராவை விண்ணிலிருந்து அனுப்பிக் காட்டின. தாழ்சுற்றுப் பாதையில் செயற்கைக்கோள் நெருங்கி விலகும்போது அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ்வரை ஏறி இறங்கும். 125 கிலோஹெர்ட்ஸ் லோரா இதைத் திருத்தம் இல்லாமலே தாங்கிக்கொள்கிறது, ஆகவே அகலமான பட்டைக்கு நியாயம் இருக்கும் இடம் இதுதான். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா குழுவினர் வழிகாட்ட, நாடெங்கிலும் உள்ள ஏறத்தாழ 750 மாணவியர் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி-டி2 ஏவுகலத்தில் சென்றது. லோரா, ஹாம் வானொலி இரண்டையும் விண்ணில் செயல்படுத்திக் காட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. பள்ளி மாணவியர் கையில் இந்தச் சிப் விண்வெளிக்குப் போனது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. நீங்கள் வாங்கிய இரண்டு பலகைகளில் ஒன்றை டைனிஜிஎஸ் என்ற திறந்த தரைநிலைய வலையில் ரிசீவராக மட்டும் சேர்த்துவிட்டால், அனுப்பும் அனுமதி பற்றிய கவலை எதுவும் இன்றி, மேலே கடந்து செல்லும் செயற்கைக்கோள்களின் தகவல்களைப் படிக்கலாம்.

நெதர்லாந்தின் டிவிங்கலோ வானொலித் தொலைநோக்கியில் 2021 அக்டோபர் 5 அன்று நடந்த சோதனை இதைவிட வியப்பானது. செம்டெக்கின் எல்ஆர்1110 என்ற சாதாரணச் சிப் உருவாக்கிய லோரா செய்தியை 430 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பட்டையில் 350 வாட்டாகப் பெருக்கி, 25 மீட்டர் தட்டின் வழியாக நிலவை நோக்கி அனுப்பினார்கள்; 2.44 வினாடிக்குப் பின் நிலவில் பட்டுத் திரும்பிய அலையை அதே சிப் படித்துக் காட்டியது.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு, உங்கள் கடைசிக் கேள்வியான 1 வாட் பெருக்கிக்கு வருகிறேன். 100 மில்லிவாட்டிலிருந்து 1 வாட் என்பது 10 டெசிபல். எஸ்எஃப் எண்ணில் நான்கு படிக்குச் சமம். உங்கள் நிலையம் பிறருக்குக் கேட்கும் தூரம் கூடும், ஆனால் உங்கள் காது அப்படியே இருக்கும். பதில் வராத தூரத்துக்குக் கத்துவதால் மெஷ் வலையில் பயனற்ற மறுபரப்பல்கள்தான் பெருகும். மாடியில் இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, கேமராவின் மின்வழங்கி ஆகியவற்றின் இரைச்சல் பெறுதலை 10 டெசிபல் கெடுத்துக்கொண்டிருந்தால், அதை அடக்குவது, பெருக்கி அனுப்புதலில் தரும் அளவு பலனைப் பெறுதலில் தரும். எனவே முதல் பலகையை மாடியில் நீங்கள் கட்டிய ஆன்டெனாவோடு 434.5இல், எஸ்எஃப் 9இல், 10 நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்புக்குறியோடு அனுப்பும்படி வையுங்கள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு ஊருக்குள்ளும், பெருந்துறை, சென்னிமலைப் பக்கமும் போய், ஒவ்வோர் இடத்திலும் திரை காட்டும் சமிக்ஞை-இரைச்சல் அளவைக் குறித்து வாருங்கள். எஸ்எஃப் 9இன் எல்லை மைனஸ் 12.5 டெசிபல்; குறிப்பில் மைனஸ் 5க்கு மேல் உள்ள இடங்களில் எஸ்எஃப்பைக் குறைக்கலாம், மைனஸ் 12ஐத் தொடும் இடங்களில் ஆன்டெனாவை 3 மீட்டர் உயர்த்தி மீண்டும் அளக்கலாம். அந்தக் குறிப்பைப் பார்த்தபின் பெருக்கி இன்னமும் தேவை என்று தோன்றினால், சென்னிமலைக் குன்றின் மேல் உரிய அனுமதியோடு ஒரு நிலையம் அமைக்க வட்டார ஹாம்களைச் சேர்த்துப் பாருங்கள். அதே பணத்தில் அது ஈரோடு முழுவதற்கும் பயன்படும்.